முழுப் பூசணிக்காயும் அரைக் கரண்டி சீனியும்

பத்து நிமிசத்துல ஆகணும். இனிப்பா இருக்கணும். இலையில வச்சா மினுமினுன்னு இருக்கணும். காய்கறியா இருக்கணும், ஆனா காய்கறி வாடை தெரியக் கூடாது. செலவும் கையைக் கடிக்கக் கூடாது. மாப்பிள்ளை, எங்க பேத்தியைக் கட்டிக்கிறதுக்கு முந்திகூட நீங்க இத்தனை பொருத்தம் பார்க்கல.

குத்தமாச் சொல்லல. புரட்டாசி மாசம் ஆளையே மாத்திப்பிடும். வருசம் பூரா காய்கறின்னா கோழிக்கறியில முங்கிக் கிடக்கிற உருளைக்கிழங்கு ஒண்ணுதான்னு நம்பிக்கிட்டு இருந்தவரு நீங்க. முதல் சனிக்கிழமை சைவக்கடையில மாவுல பிடிச்ச கோழியும் மாவுல பிடிச்ச மீனும் வாங்கி ஒப்பேத்தினீங்க. ரெண்டாவது சனிக்கிழமை அந்த மாவுக்கோழியே உங்களை முறைச்சுப் பார்த்துச்சு. இப்ப மூணாவது சனிக்கிழமை வருது, பேத்திக்கு ஆஸ்பத்திரியில பகல் வேலை, அடுப்படி உங்க தலையில. உடனே ஈப்போவுல ஒரு கெழவன் இருக்கானேன்னு நெனப்பு வந்திருச்சு. வரட்டும். கெழவனுக்கும் பேச ஆள் வேணும்ல.

பூசணிக்காய்ப் பிரட்டல் வைங்க. லிட்டில் இந்தியா பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில, சோறு வர்றதுக்கு முந்தியே இலை ஓரத்துல மஞ்சளா ஒரு கரண்டி வைப்பாங்களே, அதுதான். நீங்க அதைத்தான் முதல்ல வழிச்சுத் தின்பீங்க. இன்னொரு கரண்டி கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு, அதுக்குப் பதிலா அப்பளம் கேப்பீங்க. நான் பார்த்திருக்கேன்.

உங்க மனசுல கேரட்டு ஓடுதுன்னும் எனக்குத் தெரியும். போன்ல யாரோ ஒரு வெள்ளைக்காரி கேரட்டுக்கு வெண்ணெயும் சீனியும் பூசிப் பளபளன்னு ஆக்கிக் காட்டியிருப்பா. நம்ம பாசாருல குமிச்சு வச்சிருக்கிற கேரட்டுல பெரும்பங்கு சீனாவுல இருந்து கப்பலேறி வந்தது. அதுக்காக நான் அதை ஒதுக்கல, நாமளும் கப்பலேறி வந்தவங்கதான். ஆனா கேரட்டு வேகுறதுக்கு நேரம் கேக்கும். உங்ககிட்ட இல்லாத சாமான் அது ஒண்ணுதானே.

சிங்கப்பூர் ஹோட்டல் அடுப்படியில நிக்கிறானே நம்ம சின்னவன், அவன் சொன்னான். பிரான்சுல விச்சின்னு ஒரு ஊரு, ஊத்துத் தண்ணிக்குப் பேர் போனது. அந்தத் தண்ணியில கேரட்டை வில்லை வில்லையா அரிஞ்சு போட்டு, வெண்ணெயும் கொஞ்சம் சீனியும் உப்பும் சேர்த்து, தண்ணி சுண்டுற வரைக்கும் வச்சு எடுத்தா அதுக்கு விச்சி கேரட்டுன்னு பேராம். நம்ம ஊர்லயும் தவுகே ஏன் இவ்வளவு கொழுகொழுன்னு இருக்குன்னு கேட்டா, சுண்ணாம்பு மலைத் தண்ணின்னு கடைக்காரர் நெஞ்சை நிமித்துவாரு. சாப்பிட்டு முடிச்சதும் சீட்டுல அந்தத் தண்ணிக்குத் தனியாக் காசு எழுதியிருப்பாரு. தண்ணியை மெச்சுற ஊர்ல பணப்பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கணும் மாப்பிள்ளை. உங்களுக்குக் குழாய்த் தண்ணி போதும்.

நாங்க பால் வெட்டின தோட்டத்துல பூசணியை யாரும் நட்டதா எனக்கு நெனப்பு இல்ல. லயத்துக்குப் பின்னாடி சாம்பல் கொட்டுற மேட்டுல அதுவா முளைக்கும், அதுவா படரும். கோழிக்கூண்டு மேல ஏறி, கக்கூஸ் கூரை மேல ஏறி, கடைசியில கிராணி வீட்டு வேலியைத் தாண்டிப் போய்க் காய்க்கும். வேர் நம்ம பக்கம், காய் கிராணி பக்கம். இது யாருக்குச் சொந்தம்னு மாரியம்மன் கோயில் திடல்ல பஞ்சாயத்து வைப்போம். தண்டல் ஒரு நியாயம் சொல்லுவாரு, பூசாரி ஒரு நியாயம் சொல்லுவாரு. பஞ்சாயத்து முடியறதுக்குள்ள காய் கிராணியம்மா சாம்பார்ல வெந்திருக்கும். அப்புறம் கிராணியே வந்து, ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுத்துப் போகணும்னு புத்தி சொல்லிட்டுப் போவாரு.

இதுல ஒரு வேடிக்கை. அந்தப் பூசணியும் நாங்க வெட்டின பால் மரமும் ஒரே சீமைக்காரங்க. ரப்பர் விதையை 1876-ல பிரேசில்ல இருந்து லண்டனுக்குக் கொண்டு போனாங்க. முளைச்ச கன்னு இலங்கை, சிங்கப்பூர்னு சுத்திக்கிட்டு 1877-ல நம்ம கோலகங்சாருக்கு வந்துச்சு. அந்தப் பழைய மரத்துல ஒண்ணு மாவட்ட அலுவலகத்துப் பக்கம் இன்னும் வேலி கட்டிக்கிட்டு மரியாதையா நிக்குது. பூசணி, மிளகாய், மரவள்ளி, சக்கரவள்ளி எல்லாத்துக்கும் தாய்வீடு அதே அமெரிக்கக் கண்டம்தான். ஆனா அதுக்கெல்லாம் யாரும் வேலியும் கட்டல, பலகையும் எழுதி வைக்கல. தொரைக்குக் காசு கொடுத்த மரத்துக்குப் பலகை, கூலிக்குச் சோறு கொடுத்த கொடிக்குச் சாம்பல் மேடு.

சரி, பாசாருக்குப் போங்க. முழுக்காய் வாங்கி வீரம் காட்ட வேண்டாம், வெட்டி வச்ச துண்டா அரைக் கிலோ போதும். சதை நல்ல ஆரஞ்சு நிறமா இருக்கணும், வெளிர்மஞ்சள் வேண்டாம். விதை இருந்தா அதைப் பாருங்க. பருத்த விதைன்னா முத்தின காய், இனிப்பு ஏறியிருக்கும். சப்பையா ஒட்டிக்கிட்டு இருந்தா பிஞ்சு, அது தண்ணியாப் போகும். நகத்தால தோலைக் கீறிப் பார்த்தா இறங்கக் கூடாது. கடைக்காரம்மா பார்க்கிறப்ப கீறாதீங்க, கோலாலம்பூர்க்காரன்னு தெரிஞ்சுபோயிடும்.

ரெண்டு விரக்கடை அளவுக்கு ஒரே அளவாத் துண்டு போடுங்க. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசுன்னு இருந்தா, பெருசு வேகுறதுக்குள்ள சின்னது பாயசம் ஆகிடும். தோலைப் பூராவும் சீவாதீங்க, அங்கங்க வரி வரியா விட்டுடுங்க. துண்டு உடையாம நிக்கும், வெந்தப்புறம் அந்தத் தோலைத் தின்னவும் செய்யலாம். துண்டு போடுறதுல எங்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு மாப்பிள்ளை. சுதந்திரம் வந்த காலத்துல வெள்ளைக்காரன் மூட்டையைக் கட்டினப்ப, தோட்டத்தையே துண்டு போட்டு வித்தாங்க. பிஞ்சா முத்தலான்னு யாரும் பார்க்கல. வேலையும் போச்சு, லயமும் போச்சு, லயத்துக்குப் பின்னாடி கிடந்த பூசணிக்கொடியும் போச்சு. அப்பத்தான் சுங்கை சிப்புட்காரர் துன் சம்பந்தன் 1960-ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு, தோட்டத்தைத் தோட்டத் தொழிலாளியே வாங்கலாம்னு கிளம்பினாரு. எங்க தோட்டம் அந்தத் துண்டு போடலுக்குத் தப்பிப் பிழைச்சு, பின்னால செம்பனையாகி, இப்ப பாதி இரட்டை மாடி வீடாயிருச்சு. சாம்பல் மேடு இருந்த இடத்துல யாரோ ஒருத்தர் காடியை நிறுத்தி வச்சிருக்காரு.

அடுப்புக்கு வாங்க. அகலமான குவாலியா எடுங்க. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த ஒட்டாத சட்டி இருக்குமே, அதுவும் ஆகும், ஆனா துண்டெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம ஒரே வரிசையா உட்காரணும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். கடுகு வெடிக்கட்டும். காஞ்ச மிளகாய் மூணைக் கிள்ளிப் போடுங்க, கொஞ்சம் பெருஞ்சீரகம், கருவேப்பிலை, அரிஞ்ச சின்ன வெங்காயம். அதெல்லாம் உங்களுக்குத் தெரியும், தெரியலன்னாலும் தெரியும்னு தலையாட்டுவீங்க. பூசணியைப் போட்டு, மஞ்சத்தூள் ஒரு சிட்டிகை, உப்பு அரைத் தேக்கரண்டி, தண்ணி அரைக் குவளை. மூடி.

பூசணியில ஏறக்குறைய 90 பங்கு தண்ணிதான். அதனால காய் முழுகுற அளவுக்குத் தண்ணி ஊத்துறது, மழையில நனைஞ்சுக்கிட்டே குளிக்கப் போற புத்திசாலித்தனம். நீராவி கிளம்புறதுக்கு அரைக் குவளை, மிச்சத்தைக் காயே விடும். அஞ்சு ஆறு நிமிசம் மூடி இருக்கட்டும். இந்த நேரத்துல நீங்க போனைப் பார்க்கலாம். நானே அனுமதி கொடுக்கிறேன். குடும்ப வாட்சாப் குழுவுல "சமைச்சுக்கிட்டு இருக்கேன்"னு ஒரு படம் போட்டு, மாமியார் கை கூப்புற வரைக்கும் காத்திருக்கலாம். அதுக்கப்புறம் போனை அடுத்த அறையில வச்சிட்டு வந்துடணும். ஏன்னு சொல்றேன்.

அதுக்கு முந்தி சீனி. இங்கதான் மாப்பிள்ளை, உங்க கையை நான் பிடிச்சுக்கணும். அரைக் கரண்டின்னு நான் சொன்னா, கோப்பி கலக்குற கரண்டியில தலை தட்டி மூணு. 12 கிராம் வரும். குழம்புக் கரண்டியில பாதின்னு நினைச்சுக்கிட்டு அள்ளாதீங்க. அரைக் கிலோ காய்க்குள்ள அதுக்கே சொந்தமா 10 கிராமுக்கு மேல சர்க்கரை இருக்கு. நீங்க போடுறது காயை இனிப்பாக்க இல்ல, அது ஏற்கெனவே இனிப்புதான்னு வெளியில தெரியறதுக்கு.

இப்ப சீனி அள்ளுறவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும். 2018 செப்டம்பர்ல 10 காசு குறைச்சு, கிலோ 2 வெள்ளி 85 காசுன்னு விலை வச்சாங்க. அந்த விலைக்கு என்ன கிடைக்குதோ அதை அள்ளத்தான் தோணும். ஆனா நம்ம ஆளுங்க இந்த மாநிலத்துக்கு வந்த கதையே சீனியில இருந்துதான் ஆரம்பிக்குது. கித்தாவுக்கு, அதான் ரப்பருக்கு முந்தி, வடக்க கிரியான் மாவட்டத்துல, பாரிட் புந்தார், பாகான் செராய் பக்கமெல்லாம் கரும்புத் தோட்டம். ஒப்பந்தக் கூலியாக் கையெழுத்து வாங்கி, இல்ல, கைநாட்டு வாங்கி, நம்ம ஆளுங்களைக் கொண்டாந்து கரும்பு வெட்ட விட்டாங்க. அந்த ஒப்பந்த முறையை 1910-ல ஒழிச்சாங்க. அந்தச் சமயத்துல ரப்பர் விலை ஏறிக்கிட்டு இருந்துச்சு, கரும்பைப் பிடுங்கிட்டு ரப்பரை நட்டாங்க. முதலாளிக்கு இனிப்பு கசந்தா இழுக்கிற பாலு இருக்கு. கூலிக்குக் கத்தி மட்டும் மாறிச்சு.

ஜப்பான்காரன் காலத்துல அரிசியே அருமை. மரவள்ளியும் சக்கரவள்ளியும்தான் சோறு, சீனி இருந்த பானையில தேள் குடியிருந்துச்சுன்னு எங்கம்மா சொல்லும். அப்பல்லாம் பூசணியை வெறும் உப்புல வேகவச்சு அடிப்பிடிக்க விடுவாங்களாம். அடியில பிடிச்சது லேசா இனிக்கும், அதுக்குப் புள்ளைங்க அடிச்சுக்கும். அது முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள அவசரகாலம். 1948 ஜூன் 16-ந்தேதி சுங்கை சிப்புட் பக்கம் மூணு வெள்ளைக்காரத் தொரைங்களைச் சுட்டதுல ஆரம்பிச்சது. காட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்குச் சாப்பாடு போகக் கூடாதுன்னு சாமானெல்லாம் அளந்து கொடுத்தாங்க. கடையில டின் சாமான் வாங்கினா அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கையில தருவாங்க, பத்திரப்படுத்தி வைக்க முடியாதபடி. அந்தக் காலத்துல சீனியை அளந்து பழகின கை, மாப்பிள்ளை. எங்க வீட்டுப் பொம்பளைங்க பிரட்டல் ருசியா இருந்ததுக்கு ரகசியம் எதுவும் கிடையாது. நிறையப் போட முடியல, அவ்வளவுதான்.

இப்ப மூடியைத் திறங்க. கத்தி முனையை வச்சா இறங்கணும், காய் உடையக் கூடாது. அடியில கொஞ்சம் தண்ணி தளதளன்னு நிக்கும். சீனியை முதல்லயே போட்டிருந்தா காய் இவ்வளவு சீக்கிரம் வெந்திருக்காது. சீனியும் புளியும் காயை இறுக்கிப் பிடிச்சுக்கும், மெதுவாத்தான் மசிய விடும். அதனாலதான் ரெண்டையும் கடைசிக்கு வச்சிருக்கேன். இப்ப தூவுங்க. தீயைக் கூட்டுங்க. நில்லுங்க.

நில்லுங்கன்னா நில்லுங்க. வாசல்ல பொட்டலம் கொண்டாந்தவன் மணி அடிக்கிறான்னு போகாதீங்க. அவன் படம் பிடிச்சிட்டு வச்சிட்டுப் போயிடுவான். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுக்கச் சொல்றாருன்னு போகாதீங்க. அவரு வருசம் பூரா சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு. பத்து நிமிசத்துல ஆகுற பண்டத்துல ஏழு நிமிசம் தானா ஆகும், மிச்ச மூணு நிமிசம் ஆள் நின்னாத்தான் ஆகும். நீங்க குறுக்குவழி கேட்டீங்களே, இந்த மூணு நிமிசத்துல ஒரு வழியும் கிடையாது, நின்னே ஆகணும்.

சின்னவன் கணக்கு சொன்னான். தண்ணி நிறைய இருக்கிற வரைக்கும் குவாலிக்குள்ள சூடு 100 டிகிரியை ஒட்டியே நிக்குமாம். தண்ணி வத்த வத்தப் பாகு கெட்டியாகி 105, 110-னு ஏறும். அப்பத்தான் அது காயைப் போய்ப் பிடிக்கும், பளபளப்பு வரும். 160-ஐ தாண்டினா சீனியே உருமாறும், முதல்ல நல்ல வாசனை, அப்புறம் செவப்பு, அப்புறம் கசப்பு. அவனுக்கு அதுக்குக் கம்பி வச்ச சூடுமானி இருக்கு. எங்களுக்குக் காது இருந்துச்சு. தண்ணி இருக்கிறப்ப கொதிக்கிற சத்தம் தடபுடன்னு கேக்கும். வத்தி வர்றப்ப சத்தம் சின்னதாகி, பொறுபொறுன்னு எண்ணெயில வதக்குற சத்தமா மாறும். குமிழி பெருசாகி சோம்பேறித்தனமா வெடிக்கும். கரண்டியால அடியில ஒரு கோடு கிழிச்சா, கோடு மூடுறதுக்கு ஒரு நொடி யோசிக்கும். யோசிச்சா அடுப்பை அணைங்க. நீங்களும் கூட நின்னு யோசிச்சீங்கன்னா கருகிடும்.

கரண்டியைப் போட்டுக் கிண்டவும் வேண்டாம். குவாலியைக் காதைப் பிடிச்சு ஆட்டுங்க, துண்டு தானாப் புரளும். ஒண்ணு ரெண்டு மூலை உடைஞ்சு கரையும், கரையட்டும், அந்த மசியல்தான் பாகுக்குப் பிடிப்பு கொடுக்கும். ஆட்டத் தைரியம் இல்லன்னா அகப்பைக் காம்பால தள்ளிவிடுங்க. பூசணி ஒரு தடவை உடைஞ்சா உடைஞ்சதுதான். பேரை மாத்தி மசியல்னு இலையில வைக்கலாம். வாழையிலைக் கடையில சில நாளு அப்படித்தான் வைக்கிறாங்க, நீங்களும் அதைத் தின்னுட்டு அப்பளம் கேட்டிருக்கீங்க.

கடைசி அரை நிமிசத்துல புளி. ஒரு சுளையைக் கொஞ்சூண்டு தண்ணியில கரைச்சு, கெட்டியா ஒரு தேக்கரண்டி. தோட்டத்துல ஸ்டோருக்குப் பால் வந்ததும் தொட்டியில ஃபார்மிக் ஆசிட் ஊத்துவாங்க, ஊத்தினதும் பால் திரைஞ்சு கட்டியாகும். சீனிப்பாகு அதுக்கு நேர் எதிர் குணம். அதுல புளிப்பு பட்டா கட்டியாகாது. சீனி கொஞ்சம் உடைஞ்சு குளுக்கோஸ், பிரக்டோஸ்னு ரெண்டாப் பிரியும், ஆறினப்புறம் மறுபடி மணல் மணலா சுலபமாத் திரும்பாது. புளி போடாத பாகு ஆறிக் காஞ்சா பல்லுல நறநறங்கலாம். ஸ்டோர்ல ஆசிட் வாளி தூக்கினவன் சொல்றேன், கேட்டுக்குங்க. இனிப்பை இனிப்பாவே நிறுத்தி வைக்கிறதுக்குக் கொஞ்சம் புளிப்பு வேணும். உங்க மாமியாரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை.

ஒருவேளை பளபளப்பு வராம, எண்ணெய் தனியாப் பிரிஞ்சு காய் மேல கண்ணு கண்ணா மிதந்தா பயப்படாதீங்க. தண்ணி அளவுக்கு மேல வத்திப்போச்சுன்னு அர்த்தம். ஒரு மேசைக்கரண்டி சுடுதண்ணி தெளிச்சு ஒரு ஆட்டு ஆட்டுங்க, சேர்ந்துக்கும். நிறையப் பேரு அப்பப் போய் இன்னும் ஒரு கரண்டி நெய் ஊத்துவாங்க. ஊத்திட்டு, கெழவன் சொன்ன அளவு சரியில்லன்னு சொல்லுவாங்க.

சீனியைச் சூட்டுல பூசுற வித்தை இந்த ஊருக்குப் புதுசும் இல்ல. நீங்க காலையில குடிக்கிற கோப்பி ஓ இருக்கே, அந்தக் கொட்டையை வறுக்கிறப்பவே சீனியும் மாஜரினும் போட்டுத்தான் வறுப்பாங்க. சீனி கருகி கொட்டைக்குக் கருப்புச் சட்டை மாட்டிவிடும், அந்தக் கசப்பும் நிறமும் அதுதான். நம்ம ஈப்போ வெள்ளைக் கோப்பிக்கு மாஜரின் மட்டும், சீனி கிடையாது. அதான் வெளுப்பு. சீனியைக் கருக விட்டு ஒரு பேரு, விடாம ஒரு பேரு, ரெண்டுக்கும் வரிசை பிடிச்சு நிக்கிறீங்க. பூசணிக்கு மூணு நிமிசம் நிக்கச் சொன்னா மட்டும் காலு வலிக்குது.

சர்க்கரை உடம்புக்கு ஆகாதேன்னு நீங்க இழுக்கிறது கேக்குது. நியாயம்தான். 2019-ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல, நாட்டுல பெரியவங்க அஞ்சு பேருல ஒருத்தருக்கு இனிப்பு நீருன்னு வந்துச்சு. இனத்துக்கு இனம் பார்த்தா நம்ம ஆளுங்கதான் முன்னால. வேற எதுல முன்னால நிக்கிறோமோ இல்லையோ. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள வெளிச்சீனியை நிறுத்திக்கிட்டா நல்லதுன்னு சொல்லுது. கணக்குப் போடுங்க. நான் சொன்ன 12 கிராமை நாலு பேரு பிரிச்சுத் தின்னா ஆளுக்கு 3 கிராம். காலையில நீங்க கெட்டிப்பால் ஊத்தி நுரை கட்டிக் குடிச்ச தே தாரேக்குல அதைப்போலப் பல மடங்கு இருந்துச்சு. 2019 ஜூலையில சீனித் தண்ணி பானத்துக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டாங்க. கடையில நின்னு ஆத்துற தே தாரேக்கு மேல யாரும் கை வைக்கல, வச்சா ஆட்சி கவுந்திரும். கிளினிக்குல மருந்துப்பையை வாங்கிக்கிட்டு நேரா எதிர்க்கடையில போய் உட்கார்ந்து, "தே கொஞ்சம் மானிஸ் குறைச்சு"ன்னு சொல்லி, ரெண்டு கிளாஸ் குடிக்கிறவங்களை எனக்குத் தெரியும். அதுல ஒருத்தர் நான். மாப்பிள்ளை, பூசணியைக் கோர்ட்டுல நிறுத்தாதீங்க.

நாக்கு வேற கேட்டா வேற வழியும் உண்டு. சீனிக்குப் பதிலா குலா மெலாக்கா செதுக்கிப் போடலாம். நம்ம பாகான் டத்தோ பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்ல, ஆனா கடையில கிடைக்கிற கட்டியில பலது வெறும் சீனியைக் கலந்து ஊத்தினது. விலை மலிவா இருந்தா சந்தேகப்படுங்க, விலை அதிகமா இருந்தாலும் சந்தேகப்படுங்க. கிச்சாப் மானிஸ் ஊத்திப் பிரட்டுற வழியும் இருக்கு, பூசணியைவிட உருளைக்கிழங்குக்கும் பயத்தங்காய்க்கும் அது பொருந்தும். அதுல உப்பும் இனிப்பும் ஏற்கெனவே இருக்கு, தனியா உப்புப் போட்டா கிணத்துத் தண்ணி வேணும். சீக்கிரம் கருகும், தீயைக் குறைச்சிட்டுத்தான் ஊத்தணும். கேரட்டுதான் வேணும்னு அடம்பிடிச்சா இதே முறைதான், மெல்லிசா அரிஞ்சு, மூடி வச்சு வேகுற நேரத்தைக் கூட்டிக்குங்க. அந்த வெள்ளைக்காரி பேரைச் சொல்லி வெண்ணெய் ஒரு துண்டு போட்டுக்குங்க. நான் பார்க்கல.

இலையில வைக்கிறப்ப இடது பக்கம் மேல, சின்னதா வைங்க. குமிச்சு வச்சா மிச்சம் இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும், அப்புறம் கூடக் கொஞ்சம் யாரும் கேக்க மாட்டாங்க. இனிப்புக் காய் பக்கத்துல காரமா ஒண்ணு இருக்கணும். புரட்டாசியில நெத்திலிச் சம்பல் ஆகாது, மோர் மிளகாய் வறுத்துக்குங்க.

அப்புறம் குவாலி. பாகு காஞ்சுபோன குவாலியைக் கம்பிச்சுருள் போட்டுத் தேய்க்கிறது முட்டாள் வேலை. காயை எடுத்த கையோட, சூடு இருக்கிறப்பவே ஒரு குவளைத் தண்ணி ஊத்தி மறுபடி அடுப்புல வையுங்க. சீனி வந்த வழியே தண்ணியில கரைஞ்சு போயிடும், ஒரு துடைப்புல முடிஞ்சிரும். ஊற வச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டு தொட்டியில போட்டுட்டு உட்காராதீங்க. பேத்தி வேலை முடிஞ்சு சாயங்காலம் வருவா. குவாலி தொட்டியில ஊறிக்கிட்டு இருந்தா, பிரட்டல் யாரு வச்சதுன்னு கேக்க மாட்டா. இதை யாரு கழுவுறதுன்னுதான் கேப்பா.